கூசாத கை

அவருக்கு அருவருப்பு என்பதே கிடையாது. எனக்கு அது கொஞ்சம் அதிகம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தாம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் என்னைக் கூட்டிப் போனார். ஒரு டீக்கடைக் குப்பைத் தொட்டியை ஒட்டி ஒரு கிழவர் படுத்திருந்தார். கணுக்காலில் புண். அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. தெரு முனையிலேயே நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. என்னைக் கூட்டி வந்தவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கிழவரின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். டர்பன்டைன் எண்ணெயைப் புண்ணில் விட்டு, தலை நீட்டிய புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் காலி டீ கப்பில் போட்டார். நடுநடுவே, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இட்லியா பொங்கலா என்று கிழவரிடம் விசாரணை வேறு. நான் சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது கையைக் கழுவிக்கொண்டு, அந்த ஈரக் கையாலேயே எனக்கு ஒரு பன் நீட்டினார். வெறும் வயிற்றில் இருந்தால் இன்னும் குமட்டும் என்றார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், இன்றைக்கு ஒரு மகானைப் பார்த்தேன் என்று சொன்னேன். நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

அவர் நடத்தியது சின்ன அமைப்புதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இரண்டு அறைகள். ஓயாமல் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. அவர், கணக்குப் பார்க்க ஒருவர், வெளியே அலைய நான். தெருவில் படுத்துக் கிடப்பவர்களுக்கு வாடகைக்கு அறை பிடித்துக் குடிவைப்பதுதான் எங்கள் வேலை. "சோறு போட ஆயிரம் பேர் இருக்காங்க, போர்வை குடுக்க இன்னும் ஆயிரம் பேர். வீடு பாத்துத் தர்றவன் எவன் இருக்கான்?" என்பார். முதலில் குடியை நிறுத்து, வேலை தேடு, அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்கிற ஆட்களை அவருக்கு அறவே பிடிக்காது. முதலில் வீடு, மற்றதெல்லாம் தன்னால் பின்னாலேயே வரும் என்பது அவருடைய கட்சி. இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

வீட்டுக்காரர்களை வழிக்குக் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேங்கைவாசலில் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஒரு பெரியவரிடம் போனோம். யாருக்கு வீடு என்று கேட்டார். இவர் மறைக்காமல், பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கு என்றார். பெரியவரின் முகம் சுண்டிப்போனது. வேறு யாராக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார்கள். இவர் நேரே சமையலறைக்குள் போய், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தார். அடுப்பின் மேலிருந்த சட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தார். "அக்கா, வத்தக்குழம்பா? வாசனையே ஆளைத் தூக்குதே" என்றார். பெரியவரின் மனைவி கரண்டியும் கையுமாக அவரையே பார்த்தார்கள். அடுத்த முறை போனபோதும் இதே கதை. அதற்கடுத்த முறை அந்த அம்மாவே இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். அறைகளும் கிடைத்தன. நான் அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மூடி போட்ட எதையும் அவரால் சும்மா விட முடியாது. அதுதான் அவர். அலுவலகத்தில் மதியம் என் டிபன் பாக்ஸை எனக்கு முன்னால் அவர்தான் திறப்பார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, உப்பு கம்மி என்பார். கதவைத் தட்டுகிற பழக்கம் உண்டு, ஆனால் தள்ளித் திறந்த பிறகுதான் தட்டுவார். ஒரு தடவை பேனா வேண்டும் என்று மேஜை மேலிருந்த என் கைப்பையைத் திறந்து துழாவினார். உள்ளே இருந்த நாப்கின் பாக்கெட்டை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களின் முன்னால் வைத்துவிட்டுத் தொடர்ந்து தேடினார். பேனா கிடைத்ததும் பாக்கெட்டைத் திரும்ப உள்ளே போட்டுப் பையை மூடினார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. புழு எடுத்த கையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

அவரை விட மூத்தவர்களைக் கூட 'நம்ம பசங்க' என்றுதான் சொல்வார். பல் கொட்டிய பெரியவர்களின் தாடையைப் பிடித்துத் தூக்கி, "சாப்பிட்டியா கண்ணு?" என்பார். சில பேருக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. வருஷக்கணக்காக யாரும் தொடாத முகங்கள் அவை. சில பேர் தலையை இழுத்துக்கொள்வார்கள். அவர் அதைக் கவனிக்கவே மாட்டார்.

வேங்கைவாசல் வரிசையில் முதல் அறையில் குடிவைத்த ஒரு முதியவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. கதவை உடைத்தார்கள். அக்கம்பக்கத்தார் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்கள். அமரர் ஊர்தியில் வந்தவர்களே தயங்கினார்கள். இவர் தனி ஆளாக உள்ளே போய், உப்பி நிறம் மாறியிருந்த அந்த உடம்பைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது, எதனால் என்று எழுத என்னால் முடியவில்லை. பிறகு வாசலில் உட்கார்ந்து மூக்கு ஒழுக ஒழுக அழுதார். தண்ணி தண்ணி என்று கூப்பிட்டிருப்பானோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அழுகையில் ஒரு துளி நடிப்பு இல்லை.

மறுநாள் காலை ஸ்குரூ டிரைவரோடு வந்தார். வரிசையிலிருந்த அத்தனை கதவுகளிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். வெளியே பூட்டு உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. அதோடு எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. இனிமேல் நம்ம பசங்க யாரும் அநாதையாகச் சாகக் கூடாது என்றார். கேட்டவர்கள் எல்லோரும் சரிதானே என்றார்கள்.

கஸ்தூரி அந்த வரிசைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஐம்பதைத் தாண்டியவள். தாம்பரம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் படிக்கட்டுக்கு அடியில் பல வருஷமாக இருந்தாள். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துச் சாப்பிட்டாள். அவளை நான் முதலில் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலை மார்போடு மடக்கி, புடவை ஓரத்தைப் பாதங்களுக்கு அடியில் செருகி, ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். தூக்கத்திலும் அந்தப் பிடி விடவில்லை. பொதுக் கழிப்பறை திறப்பதற்குள் விடியற்காலையிலேயே போய் நின்று, யாரும் வருவதற்குள் குளித்துவிட்டு வருவாள். அப்படியும் வெளியிலிருந்து கதவை இடிப்பார்களாம்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, நாள் முழுக்கப் படிக்கட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறாள். போகிறவர் வருகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். இவர்தான் போய், வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவி, தன் வேட்டியைச் சுற்றி, ஆட்டோவில் தூக்கிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இல்லாவிட்டால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். இதுவும் உண்மை.

வீடு பார்க்கலாமா என்று நான் கேட்டபோது அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. உரித்த பூண்டின் தோலை ஊதிவிட்டாள். "எனுக்கு ஃபேனு, கட்டிலு ஒண்ணியும் வேணாம்மா. உள்ளாற தாப்பா போட்டுகினு காலை நீட்டிப் படுக்கணும். அவ்ளோதான்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

குடிவைத்த அன்று பால் காய்ச்சினோம். பொங்கும் நேரத்தில் அவர்தான் கரண்டியை வாங்கிக் கிளறி, சர்க்கரை போட்டு, ருசி பார்த்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். கஸ்தூரி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து நாலு திருகாணி ஓட்டைகள். விரலை அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தாள்.

"சார், தாப்பா இன்னா ஆச்சு?"

"தாழ்ப்பாள் எதுக்குக் கண்ணு? நான் இருக்கேன்ல" என்றார். அவள் கன்னத்தைத் தட்டினார்.

அன்றிலிருந்து அவள் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்மைக் கதவுக்குப் பின்னால் இழுத்து வைக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் பெயருக்குத்தான். லாரி வந்தால்தான் உண்டு. கஸ்தூரி டிரம்மை விளிம்பு வரை நிரப்புவாள், ஆனால் அதிலிருந்து ஒரு செம்பு மொள்ள மாட்டாள். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் இரண்டு குடங்களை வைத்துக்கொண்டு சமாளிப்பாள். தண்ணீரைச் செலவழித்தால் டிரம்மின் கனம் குறைந்துவிடுமே. அக்கம்பக்கத்து அறைப் பெண்கள், தண்ணியை வங்கியில் போடப் போறியா என்று கேலி செய்தார்கள். என்னிடம் மட்டும், காலை நீட்டித்தான் படுக்கிறேன், ஆனால் பாதம் டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், நகர்ந்தால் தெரிய வேண்டுமே என்றாள். இதற்கா இவளுக்கு வீடு பிடித்துக் கொடுத்தோம் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விருந்தாளிகளைக் கூட்டி வருவார். நாவலூர்ப் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்கிற பிள்ளைகள், ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு வேனில் வந்து இறங்குவார்கள். அவர்கள் கொடுப்பதில்தான் வாடகை போகிறது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு கதவையும் இவர் தள்ளிக்கொண்டு உள்ளே போவார், பின்னாலேயே அவர்கள். படுத்திருப்பவரை எழுப்பி உட்கார வைப்பார். அலமாரியைத் திறப்பார், பானை மூடியைத் தூக்குவார். "பாருங்க, சோறு வடிச்சு வெச்சிருக்கான். போன வருஷம் எச்சில் இலை பொறுக்கினவன்" என்பார். பிள்ளைகள் பாவமாகத் தலையாட்டுவார்கள். ஆள் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

கஸ்தூரியின் அறையிலும் அப்படித்தான். நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். இவர் விரலை விட்டு நக்கிப் பார்த்து, அருமை என்றார். அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தார். மடித்து வைத்திருந்த புடவைகளைத் தூக்கிக் காட்டினார். அடியில் உள்பாவாடைகள், ரவிக்கைகள். அதையும் தூக்கினார். எல்லாம் துவைத்து மடித்திருக்கிறாள் பாருங்கள் என்றார். அப்புறம் கதை சொல்ல ஆரம்பித்தார். வயிற்றால் போனது, புடவை முழுக்க ஈ மொய்த்தது, கால் இடுக்கு வரைக்கும் காய்ந்து போயிருந்தது, யாரும் கிட்டப் போகாதது, தான் தன் கையால் கழுவியது என்று ஒன்று விடாமல் சொன்னார். கையை விரித்துக் காட்டினார். கஸ்தூரி சுவரோடு சுவராக ஒட்டித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காதுமடல் கறுத்துச் சிவந்திருந்தது. ஒரு பெண் பிள்ளை மட்டும் கேட்க மாட்டாமல் வெளியே போய்விட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் குமட்டியது. பேருந்து நிலையத்தில் வந்த குமட்டல் வேறு, இது வேறு.

அந்த வாரமே கஸ்தூரி மேடவாக்கம் கூட்டு ரோட்டுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த தச்சரைக் கெஞ்சிக் கூத்தாடி, பழைய ஓட்டைகளிலேயே அதைப் பொருத்திக்கொண்டாள். நான் போன அன்று எனக்குப் போட்டுக் காட்டினாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அன்றைக்கு டிரம் மூலையில் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் மொண்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த தடவை அவர் போய்க் கதவைத் தள்ளியபோது திறக்கவில்லை. நான் பின்னால் நின்றிருந்தேன். கதவு திறக்காதது அவருக்கு முதலில் புரியவே இல்லை. மறுபடியும் தள்ளினார். கஸ்தூரி புடவையைச் சரி செய்துகொண்டு வந்து திறந்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே வண்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து கழற்றினார். கழற்றியதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இன்னொரு வாட்டி மாட்டினா இந்த ரூமு வேற ஆளுக்குப் போய்டும் கண்ணு. மொத ரூமுப் பெரியவர் செத்தது தெரியும்ல?" என்றார். தேன் ஒழுகும் குரலில்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். பகலில் மட்டுமாவது போட்டுக்கொள்ளட்டும் என்றேன். சாவியால் வெளியிலிருந்து திறக்கிற மாதிரிப் பூட்டு மாட்டலாம், அது கடையிலேயே கிடைக்கிறது என்றேன். தட்டிவிட்டு நின்றால் என்ன குறைந்துபோகும் என்றேன். ஆனமட்டும் பேசினேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"செத்து அழுகிக் கிடந்தா யாரு தூக்குறது? நீயா? நீ ஒரு கால் புண்ணைப் பாத்து வாந்தி எடுத்தவ."

என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கூச்சப்படுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் உதவி செய்கிற அருகதையே கிடையாது என்பது அவர் முடிவு. தன் கை கூசவில்லை என்பதால் தொடப்படுகிறவளுக்கும் கூசாது என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஒரு வேலையாக அவர் வீட்டுக்கு, சிட்லபாக்கத்துக்கு, போயிருக்கிறேன். இரும்புக் கேட், அதற்குப் பின்னால் கிரில், அதற்குப் பின்னால் தேக்குக் கதவு, அதில் சங்கிலி, எட்டிப் பார்க்க லென்ஸ். சார் குளிக்கிறார் என்று அவர் மனைவி கிரில்லுக்குள்ளிருந்தே சொல்ல, நான் வெயிலில் நின்று காத்திருந்தேன்.

பிறகு ஒரு வாரம் லாரி வரவில்லை. வரிசை முழுக்கத் தண்ணீருக்கு அடித்துக்கொண்டார்கள். கஸ்தூரி குடங்கள் காலியான பிறகும் டிரம்மைத் தொடாமல் இருந்து பார்த்திருக்கிறாள். வேர்வையும் பூண்டு வாடையும் சேர்ந்து அவளுக்கே தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வழியில்லாமல் டிரம் தண்ணீரையே மொண்டு குளிக்க உட்கார்ந்துவிட்டாள். குளிக்க என்று தனி இடம் கிடையாது. அறையின் மூலையில் முழங்கால் உயரக் கட்டைச்சுவர் எழுப்பிய ஒரு சதுரம், அவ்வளவுதான். டிரம் கதவுக்குப் பின்னால் இருந்தது, ஆனால் தாழ்ப்பாள் இருந்த நாட்களில் மொண்டது போக அடியில்தான் தண்ணீர்.

அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இவர் வழக்கம் போலக் கதவைத் தள்ளினார். கொஞ்சம் இடறியது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். டிரம் உருண்டு விழுந்தது. அவர் உள்ளே போனார், பின்னாலேயே அவர்கள் இரண்டு பேர், அதற்குப் பின்னால் நான்.

கஸ்தூரி கத்தவில்லை. உடம்பில் பொட்டுத் துணி இல்லை. முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு, எட்டாத தூரத்தில் கிடந்த புடவைக்காகக் கையை நீட்டினாள். சோப்பு நுரை கண்ணில் இறங்கியிருந்தது. அவர் பின்வாங்கவில்லை. குனிந்து விழுந்த டிரம்மை நிமிர்த்தி வைத்தார்.

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ குளி. நான் பாக்காததா?" என்றார். பிறகு அந்தத் தம்பதியின் பக்கம் திரும்பி, "சுத்தமா இருக்கக் கத்துக்கிட்டா பாத்தீங்களா" என்றார்.

அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தேன். கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றேன். ஏன் இவ்வளவு கோபம் என்று அவர் என்னைக் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அவருடைய கண்ணில் துளிக் காமம் கிடையாது. இருந்திருந்தால் போலீசுக்காவது போயிருக்கலாம். அன்றைக்கு அவருடைய அந்தச் சுத்தமான முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது. புழு வைத்த புண்ணையே இன்னொரு தடவை பார்க்கலாம், இந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன்.

சாயங்காலம் கஸ்தூரி துணி மூட்டையையும் பூண்டுக் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அறைச் சாவி ஜன்னல் கம்பியில் தொங்கியது.

அவளை மறுபடி படிக்கட்டுக்கு அடியில்தான் பார்த்தோம். அவர் போகலாம் என்றபோது, அவளை அவரோடு தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். அவர் அவள் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மின்சார ரயில் வந்து நின்று, கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். மழைக்காலம் வருகிறது, மறுபடி வியாதி வந்தால் என்ன ஆவது என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது.

கஸ்தூரி உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"அது இன்னா வூடு சார்? இங்க எல்லாரும் பாத்துகினுதான் போறாங்க. தொறந்துகினு எவனும் வரல."

"உன்னை நான் காப்பாத்தினேன் கண்ணு."

"காப்பாத்தினீங்க சார். இல்லேங்கல. அதுக்குக் கும்பிட்டுக்கறேன். அத்தோட வுட்ருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை அப்படியே அவளுடைய மூட்டையின் முடிச்சுக்குப் போனது. சாப்பிட ஏதாவது வைத்திருக்கிறாளா என்று பார்க்க. கஸ்தூரி தன் கையை முடிச்சின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் அங்கேயே இருந்தன. அவருக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் அதோடு வேலையை விட்டேன். அம்மா, அந்த மகானை ஏன் விட்டாய் என்று கேட்டாள். கஸ்தூரிக்கு நானே வீடு தேடினேன். மெஸ்காரம்மாவுக்குத் தெரிந்தவர்களுடைய மாடி அறை ஒன்று கடப்பேரியில் காலியாக இருந்தது. யார் பொறுப்பு என்று கேட்டார்கள், நான் என்றேன். பார்க்கப் போன அன்று கஸ்தூரி தண்ணீர் வருமா, வாடகை என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள், உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நானும் வீட்டுக்காரம்மாவும் மொட்டை மாடியில் வெயிலில் நின்றோம். என்னடி இவள் என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துத் திறந்து, இது போதும் என்றாள்.

குடிபோய்ச் சில மாதம் கழித்து வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் தட்டிவிட்டு நின்றேன். யாரு என்று கேட்டு, தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்து, தனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டாள். படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். உள்ளே எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டு, வரேம்மா என்று உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் படி இறங்கி வந்தேன்.

எப்படியோ விஷயம் தெரிந்து அவர் எனக்குப் போன் செய்தார். கஸ்தூரி நல்லா இருக்காளா என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"ரூம் உள்ள எப்படி வெச்சிருக்கா?"

நான் உள்ளே போகவில்லை என்றேன்.

"உள்ள போய்ப் பாக்காம நல்லா இருக்கான்னு எப்படிச் சொல்ற?" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது. அந்தக் கவலையைக் கேட்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. "அட்ரஸ் மட்டும் சொல்லு கண்ணு. நான் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

நான் சொல்லவில்லை. அவருடைய எண்ணை பிளாக் செய்துவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.